சோர்டோ ஸ்டார்ட்டரில் பழப் பான்கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோர்டோ என்னும் புளிப்பு ரொட்டிக்கான புளித்த மாவுக் கலவையை, அதாவது ஸ்டார்ட்டரை, வளர்ப்பவர் எவரும் அதற்குப் புது மாவும் நீரும் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழையதில் ஒரு பங்கை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒதுக்கும் மாவைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வருவதில்லை. அதைப் பான்கேக்காகச் சுட்டுவிடுவதுதான் நான் கண்ட எளிய வழி. அதில் பழத்தையும் சேர்த்தால் சுவை கூடுகிறது. கூடவே சில சிக்கல்களும் வந்துசேர்கின்றன. பழத்தில் உள்ள நீர், சர்க்கரை, நிறமி ஆகிய மூன்றும் புளித்த மாவோடு சேரும்போது சாதாரணப் பான்கேக்கில் காணாத மாற்றங்கள் நேர்கின்றன. பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், சுட்டுப் பார்த்துச் சரியென்று நான் தெளிந்த விடைகளையும் இங்கே தருகிறேன்.

ஸ்டார்ட்டர் இருந்தால் மாவு தானாகவே உப்பிவிடாதா? பான்கேக்கில் அதற்கு என்ன வேலை?

மாவையும் நீரையும் கலந்துவைத்து, நாள்தோறும் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புது மாவும் நீரும் சேர்த்துவந்தால் (இதையே ஊட்டுவது என்கிறோம்), மாவிலேயே இருக்கும் காட்டு ஈஸ்ட்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அதில் நிலைபெற்றுவிடும்; அந்தக் கலவையே ஸ்டார்ட்டர். ஈஸ்ட் கரியமில வாயுவை வெளியிடுகிறது. பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. ரொட்டி மாவில் ஈஸ்ட்டுக்குப் பல மணி நேரம் கிடைக்கிறது. பிசைந்த மாவில் உருவாகும் குளுட்டன் என்னும் கோதுமைப் புரதத்தின் வலையும் வாயுவை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. பான்கேக் மாவு ஊற்றும் பதத்தில் இருப்பது. அது கல்லில் இருக்கும் நேரமும் நான்கைந்து நிமிடம்தான். அந்தக் குறுகிய நேரத்தில் ஈஸ்ட்டை மட்டும் நம்பினால் பான்கேக் தட்டையாகத்தான் வரும்.

ஆகவே பான்கேக்கை உப்பவைப்பது பெரும்பாலும் சமையல் சோடாதான். ஸ்டார்ட்டர் தருவது மணத்தையும், அந்தச் சோடாவைப் பொங்கவைக்கும் அமிலத்தையும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

புதிதாக ஊட்டிய ஸ்டார்ட்டரா, குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கும் பழையதா? எது நல்லது?

இரண்டிலும் சுடலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே பழம் பொருந்தாது. ஊட்டிச் சில மணி நேரமே ஆகி, நுரைத்து எழும்பி நிற்கும் ஸ்டார்ட்டரில் புளிப்பு மென்மையாக இருக்கும். தயிரின் மணத்தை ஒத்த ஒரு மணம் வரும். ஒரு வாரமாகக் குளிர்ந்து கிடந்ததில் அமிலம் ஏறியிருக்கும். முதிர்ந்த ஸ்டார்ட்டரின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்புக் கூடும்) பொதுவாக 3.5-க்கும் 4-க்கும் இடையில் நிற்கும். மூடியைத் திறந்ததும் மூக்கை உறுத்தும் வினிகர் வாடை அடித்தால் அது நன்றாகப் புளித்துவிட்டது என்று பொருள்.

என் வழக்கம் இது: இளம் ஸ்டார்ட்டரோடு புளிப்பான பெர்ரி வகைகள், முதிர்ந்த ஸ்டார்ட்டரோடு நன்கு கனிந்த வாழை, பேரி, மாம்பழம் போன்ற இனிப்பு மிகுந்த பழங்கள். புளித்த மாவில் புளிப்பான பழத்தைச் சேர்த்தால் சர்க்கரையை எவ்வளவு கூட்டினாலும் நாக்கில் ஒரு கூர்மை நின்றுவிடுகிறது. சமையல் குறிப்புகள் பெரும்பாலும் மாவின் அளவைத்தான் சொல்கின்றன. ஸ்டார்ட்டரின் வயதைப் பார்த்துப் பழத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சுவையை முடிவுசெய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டார்ட்டர் தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது. அதில் ஒதுக்கும் மாவைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். முதல் சில நாள்களில் மாவு பொங்குவதைப் பார்த்து ஈஸ்ட் வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தப் பொங்கல் பெரும்பாலும் பிற பாக்டீரியாக்களின் வேலை. அமிலம் போதிய அளவு ஏறிய பின்னரே அவை அடங்குகின்றன. கெட்ட வாடை முற்றிலும் நீங்கி, இனிய புளிப்பு மணம் வந்து, ஊட்டிய பின் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழும்பத் தொடங்கும்வரை, அதாவது ஏறக்குறைய 7 முதல் 14 நாள்வரை, ஒதுக்கும் மாவைக் கொட்டிவிடுவதே பாதுகாப்பு. அந்த இழப்பை மட்டும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஸ்டார்ட்டரின் மேல் கருமையான நீர் நிற்கிறது. கெட்டுவிட்டதா?

கெட்டுவிடவில்லை, பசித்திருக்கிறது. ஊட்டாமல் விட்ட ஸ்டார்ட்டரில் ஆல்கஹால் கலந்த நீர் மேலே பிரிந்து நிற்கும். அதைக் கலக்கிவிட்டால் புளிப்புக் கூடும். வடித்துவிட்டால் சற்றுக் குறையும். பான்கேக்குக்கு வடித்துவிடுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடுகளோ, பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால் மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. முழுவதையும் எறிந்துவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவுங்கள்.

அளவுகள் என்ன?

மாவும் நீரும் சம எடையில் ஊட்டப்பட்ட ஸ்டார்ட்டர் 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மைதா 100 கிராம், பால் 180 மில்லி, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பழம் 150 கிராம். இதில் உள்ளங்கை அகலத்தில் ஏறக்குறைய 12 பான்கேக்குகள் வரும்.

ஸ்டார்ட்டரைக் கோப்பையால் அளக்காமல் எடைபோடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். எழும்பி நிற்கும்போது ஒரு கோப்பையில் பாதிக்கு மேல் காற்று. அமுங்கிய பின் அதே கோப்பையில் அதைவிட வெகு அதிகமான மாவு கொள்ளும். ஒருநாள் கட்டியாகவும் மறுநாள் நீர்த்தும் வருகிறதே என்று குழம்புபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கலக்கும் வரிசை எளிது. ஸ்டார்ட்டர், பால், முட்டை, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றை ஒன்றாக அடித்துக்கொண்டு, மைதாவையும் உப்பையும் தூவி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளற வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். கரண்டியிலிருந்து ஊற்றும்போது அகன்ற நாடாவாக வழிந்து, மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறைந்தால் பதம் சரி. அப்போதும் கெட்டியாக இருந்தால் பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேருங்கள். பழம் சேரும் மாவு சாதாரணப் பான்கேக் மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது, ஏனெனில் வேகும்போது பழம் தன் நீரை விடும்.

சமையல் சோடா கட்டாயம் வேண்டுமா? எப்போது, எவ்வளவு சேர்ப்பது?

வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில், கல் சூடாகி ஊற்றுவதற்கு ஆயத்தமாக இருக்கும்போது சேர்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நீரில் சோடாவைக் கரைத்து மாவின் மேல் ஊற்றிக் கிளறிப் பாருங்கள்: ஓரிரு நொடிகளில் மாவு கனம் இழந்து, கரண்டிக்குப் பஞ்சு போல வழிவிடும், பாத்திரத்தின் அருகே காதை வைத்தால் நுரை உடையும் மெல்லிய சலசலப்புக் கேட்கும். ஸ்டார்ட்டரின் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடும் ஓசை அது. அந்த வாயு யாருக்காகவும் காத்திருக்காது. கலந்த பின் 15 நிமிடத்துக்குள் சுடத் தொடங்கிவிடுங்கள். அடுப்பில் ஒரே கல்தான் இருக்கிறதென்றால் மாவை இரண்டாகப் பிரித்து, சோடாவையும் இரண்டு தவணையாகச் சேர்ப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை 250 கிராம் முதிர்ந்த ஸ்டார்ட்டருக்கு அரைத் தேக்கரண்டி போதும். இளம் ஸ்டார்ட்டரில் அமிலம் குறைவு என்பதால் சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்கலாம். அது தனக்குத் தேவையான அமிலத்தைத் தன்னுள்ளேயே கொண்டது. சோடா குறைந்தால் புளிப்பு தூக்கலாக நிற்கும். பான்கேக்கின் நிறமும் வெளுத்திருக்கும், ஏனெனில் அமிலம் மிகுந்த மாவு எளிதில் சிவப்பதில்லை. சோடா கூடினால் மேற்புறம் விரைவில் கருக்கும். சோப்பைக் கடித்தாற்போல ஒரு வழவழப்பான சுவை வரும்.

இந்த அளவைச் சரிபார்க்கப் பச்சை மாவை நாக்கில் வைக்காதீர்கள். பச்சை மாவிலும் பச்சை முட்டையிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். நாணய அளவில் ஒரு துளி மாவைக் கல்லில் சுட்டுத் தின்று பாருங்கள். உப்பா, புளிப்பா, சோடாவா, எது கூடியது எது குறைந்தது என்று அந்த ஒரு வாய் சொல்லிவிடும்.

ப்ளூபெர்ரியைச் சுற்றி மாவு பச்சை நிறமாகிவிட்டது. சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம், உங்கள் மாவில் சோடா மிகுந்துவிட்டது, அவ்வளவுதான். ப்ளூபெர்ரியின் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி அமிலத்தில் சிவப்பாகவும், நடுநிலையில் ஊதாவாகவும், சோடா போன்ற காரப்பொருளில் நீலமும் பச்சையுமாகவும் மாறும் இயல்புடையது. முதன்முதலில் என் பான்கேக்கைப் பிட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் பாசி படர்ந்தாற்போல ஒரு வளையம் இருந்தது. பழம் கெட்டுவிட்டதென்று பயந்து ஒரு தட்டு முழுவதையும் கொட்டிவிட்டேன்; இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிறகு சோடாவை ஒரு தேக்கரண்டியிலிருந்து பாதியாகக் குறைத்தபோது அதே பழம் அழகிய ஊதாச் செம்மையைக் கசியவிட்டது.

இந்த நிற மாற்றத்தை நான் இப்போது ஓர் அளவுகோலாகவே பயன்படுத்துகிறேன். பழத்தைச் சுற்றிய மாவு செவ்வூதாவாக இருந்தால் அமிலம் இன்னும் மீதமிருக்கிறது; பச்சை தட்டினால் அடுத்த முறை சோடாவைக் குறைக்க வேண்டும். கருப்புத் திராட்சை, பிளாக்பெர்ரி, செர்ரி ஆகியவற்றிலும் இதே வகை நிறமி உண்டு.

எந்தப் பழங்கள் பொருந்தும்? எப்படி நறுக்குவது?

பழத்தின் நீரை முதலில் கணக்கிடுங்கள். ஸ்ட்ராபெரியின் எடையில் ஏறக்குறைய 91 விழுக்காடு நீர்; ஆப்பிளிலும் ப்ளூபெர்ரியிலும் 85 விழுக்காட்டை ஒட்டி; வாழைப்பழத்தில் 75 விழுக்காடு. அளவு ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றில் மாவு நனைந்து தொய்கிறது, மற்றொன்றில் தொய்வதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

வாழைப்பழம் இந்த மாவுக்கென்றே படைக்கப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும். தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழத்தில் மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அந்த இனிப்பு ஸ்டார்ட்டரின் புளிப்பை அணைத்துக்கொள்கிறது. அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, ஊற்றிய மாவின் மேல் பதித்துத் திருப்பிப்போட்டால், கல்லைத் தொடும் பக்கம் பொன்னிறமாக உருகி மெல்லிய மிட்டாய்த்தகடு போல ஆகும். மசித்து மாவில் கலப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு பழத்துக்குப் பாலில் 30 முதல் 40 மில்லி குறைத்து, சர்க்கரையை முற்றிலும் விட்டுவிடலாம்.

ஆப்பிள் கெட்டியானது; கல்லில் இருக்கும் நான்கு நிமிடத்தில் அது வேகாது. ஒன்று, துருவி நன்றாகப் பிழிந்து சேருங்கள். அல்லது மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சிறிது வெண்ணெயில் முன்கூட்டியே வதக்கிக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை இலவங்கப்பட்டைத் தூள் ஆப்பிளோடு சேரும்போது ஸ்டார்ட்டரின் வினிகர் மணம் பின்வாங்குகிறது. நன்கு கனிந்த பேரிக்கு வதக்கல் தேவையில்லை.

மாம்பழத்தையும் பீச் பழத்தையும் பட்டாணி அளவுத் துண்டுகளாக்கி, ஒரு துணியின் மேல் பத்து நிமிடம் பரப்பிவைத்து ஈரம் போக்கியபின் பயன்படுத்துங்கள். பெரிய துண்டு மாவைத் தாண்டி வெளியே நீண்டு நின்று, திருப்பும்போது கல்லில் ஒட்டிக் கருகும்.

ஸ்ட்ராபெரியைச் சுடாமல் மேலே வைப்பதே எனக்குப் பிடிக்கும். வெந்தால் நிறம் மங்கி, நீர் விட்டுக் கூழாகிவிடுகிறது. உலர்ந்த திராட்சை, பேரீச்சை போன்றவற்றை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வடித்து ஒற்றியெடுத்துச் சேருங்கள். ஊறாமல் போட்டால் அவை மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தம்மைச் சுற்றி வறண்ட குழியை உண்டாக்கும்.

அன்னாசியைக் கலந்து இரவு முழுவதும் வைத்தேன், மாவு தண்ணீராகிவிட்டது. ஏன்?

அன்னாசியில் புரோமலின், பப்பாளியில் பப்பேன், கிவியில் ஆக்டினிடின், அத்திப்பழத்தில் ஃபிசின் என்னும் நொதிகள் இருக்கின்றன. இவை புரதத்தை வெட்டும் தன்மையுடையவை. மாவின் குளுட்டனும் பாலின் புரதமும் அவற்றிடம் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் சிதைந்ததால்தான் மாவு நீர்த்துப்போயிற்று. பாலோடு சேர்ந்தால் கசப்பும் தட்டியிருக்கும். சூடு பட்டால் இந்த நொதிகள் செயலிழந்துவிடும். ஆகவே அன்னாசித் துண்டுகளை முதலில் கல்லில் இருபுறமும் வாட்டி, ஆறிய பின் மாவின் மேல் வையுங்கள். டின்னில் அடைத்து விற்கப்படும் அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் சர்க்கரைப் பாகை முற்றிலும் வடித்துவிட வேண்டும்.

பழத்தை மாவில் கலப்பதா, ஊற்றிய பின் தூவுவதா?

தூவுவதே நல்லது. மாவில் கலந்தால் பழம் பாத்திரத்தின் அடியில் தங்கி, முதல் பான்கேக்குகளுக்கு ஒன்றுமில்லாமலும் கடைசியவற்றுக்கு அளவுக்கு மீறியும் போய்ச்சேரும். ஒவ்வொரு முறை கரண்டியை விடும்போதும் பழம் நசுங்கி மாவு முழுவதும் சாயம் ஏறும். மாவை ஊற்றி அரை நிமிடம் கழித்து, அடிப்புறம் சற்று இறுகிய நிலையில், ஒரு பான்கேக்குக்கு ஏழெட்டு ப்ளூபெர்ரி என்ற கணக்கில் கையால் வைத்து, விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். அதன் மேல் ஒரு தேக்கரண்டி மாவை மெல்லிய திரைபோல ஊற்றிவிட்டால், திருப்பியபின் பழம் நேரடியாகக் கல்லைத் தொட்டுக் கருகாது. இந்தச் சிறு வேலையைச் செய்ய அலுத்துக்கொள்ளாதீர்கள். கல்லும் ஒவ்வொரு ஈட்டுக்குப் பின்னும் சுத்தமாகவே இருக்கும்.

உறையவைத்த பெர்ரியைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் உருகவிடாதீர்கள். உறையும்போது பழத்தின் செல்சுவர்கள் உடைந்திருப்பதால் உருகியதும் சாறு முழுவதும் வெளியேறிவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாவின் மேல் தூவி, தீயைச் சற்றுக் குறைத்து ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். பழத்தின் மேல் பனி படிந்திருந்தால் உதறிவிடுங்கள்.

முந்தைய இரவே மாவைத் தயாரித்துவைக்கலாமா?

வைக்கலாம், சுவைக்கு அதுவே மேல் என்றும் சொல்வேன். ஸ்டார்ட்டரோடு மைதாவையும் ஒரு பங்கு நீரையும் மட்டும் கலந்து மூடிவைத்தால், இரவு முழுவதும் நொதித்து, காலையில் மேற்பரப்பு முழுவதும் சிறு குமிழிகளோடு நிற்கும். அப்படி நொதித்த மாவு மென்மையான பான்கேக்கைத் தருகிறது, மணமும் ஆழமாக இருக்கிறது. முட்டை, வெண்ணெய், சர்க்கரை, உப்பு, பால் ஆகியவற்றைக் காலையில் சேருங்கள். பச்சை முட்டையும் பாலும் கலந்த மாவை இரவெல்லாம் வெளியே வைப்பது நல்லதன்று. அப்படிக் கலந்துவிட்டால் பாத்திரம் குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். இரவில் 100 மில்லி நீர் சேர்த்தால், காலையில் பாலை அதே அளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சோடாவையும் பழத்தையும் ஒருபோதும் இரவில் சேர்க்காதீர்கள். சோடா தன் வாயுவை இருட்டிலேயே இழந்துவிடும்.

வெப்பமான அறையில் 12 மணி நேரம் மிக நீண்ட நேரம். அமிலம் ஏறி மாவு கொழகொழத்துவிடும். அத்தகைய இடங்களில் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, குமிழிகள் தோன்றியதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

கல்லின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும்?

அடிகனமான தோசைக்கல்லோ இரும்பு வாணலியோ எடுத்துக்கொண்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் பொறுமையாகச் சூடேற்றுங்கள். வெப்பமானி இருந்தால் பழமில்லாத பான்கேக்குக்கு 190 டிகிரி செல்சியஸ்வரை போகலாம். பழம் சேர்ந்தால் 175 டிகிரியை ஒட்டி நிறுத்துங்கள், ஏனெனில் பழத்தின் சர்க்கரை மாவைவிட முன்னதாகக் கருகும்.

வெப்பமானி இல்லாதவர்கள் நீர்த்துளியைத் தெளித்துப் பார்ப்பார்கள். துளி சீறியடித்துச் சில நொடிகளில் வற்றினால் சூடு ஏறக்குறைய சரி. துளி ஆவியாகாமல் முத்துப் போல உருண்டோடினால் கல் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவிப் படலம் ஒன்று உருவாகி அதைத் தாங்கிக்கொள்வதால் அப்படி நேர்கிறது. 1756-இல் இதை ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட்டின் பெயரிலேயே அந்த விளைவு இன்றும் வழங்குகிறது. துளி உருண்டோடினால் தீயைத் தணித்து இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

வெண்ணெயைத் தாராளமாக விட்டால் ஓரங்கள் பொரிந்து நடு வெளுத்துப்போகும். எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தாலே போதும்.

மேலே நிறம் நன்றாக வந்தும் பழத்தைச் சுற்றி வேகாமல் பிசுபிசுக்கிறதே?

மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: தீ அதிகம், மாவு கனம், அல்லது பழத்தில் ஈரம். முதலில் தீயைக் குறைத்துப் பாருங்கள். பிறகு, பான்கேக்கின் மேல் எழும் குமிழிகளைக் கவனியுங்கள். குமிழி வெடித்த துளை மறுபடி மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. ஓரத்தில் உள்ள துளைகள் திறந்தபடியே நின்று, ஓரம் பளபளப்பை இழந்து மங்கியதும்தான் திருப்ப வேண்டும். பழம் கனத்து இருப்பதால் அதைச் சுற்றிலும் குமிழிகள் தாமதமாகவே வரும். ஆகவே பழத்துக்கு நெருங்கிய துளைகளைப் பார்த்து முடிவெடுங்கள். ஒரு முறைக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பியபின் கரண்டியால் அழுத்தவும் கூடாது. உள்ளே இருக்கும் வாயு முழுவதும் அந்த ஓர் அழுத்தில் போய்விடும்.

அப்படியும் நடு வேகவில்லையென்றால், திருப்பிய பின் ஒரு நிமிடம் மூடிவையுங்கள். அல்லது நிறம் வந்தவற்றைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி செல்சியஸில் சூடேறிய ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் உட்பகுதி வெந்துவிடும்.

பான்கேக் ரப்பர் போல இழுக்கிறது. என்ன தவறு?

அளவுக்கு மீறிக் கிளறியிருக்கிறீர்கள். கடைசியாகச் சேர்த்த மைதாவைக் கட்டிகள் கரையும்வரை அடித்ததால் குளுட்டன் இறுகியிருக்கும். மாவை இருபது நிமிடம் அசையாமல் விட்டுவிட்டு, சோடாவைச் சேர்த்துச் சுட்டால் ஓரளவு தளரும். அடுத்த முறை கையைக் கட்டுப்படுத்துங்கள்.

முட்டையும் பாலும் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். முட்டைக்குப் பதிலாக நன்கு கனிந்த அரை வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். அல்லது ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பாலோ சோயாப் பாலோ அதே அளவில் போதும். வெண்ணெயின் இடத்தில் மணமில்லாத எண்ணெய். முட்டை இல்லாத பான்கேக் திருப்பும்போது எளிதில் உடையும் என்பதால் சிறியதாக ஊற்றுங்கள், பழத்தின் அளவையும் 100 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கோதுமை மாவில் வளர்த்த ஸ்டார்ட்டர் என்னிடம் இருக்கிறது. அது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். தவிடு நீரை மிகுதியாக உறிஞ்சும் என்பதால் பாலை 20 முதல் 30 மில்லி கூட்ட வேண்டியிருக்கலாம். வாழை, ஆப்பிள், பேரி ஆகியவற்றோடு அதன் கொட்டை போன்ற சுவை அழகாகச் சேரும். பெர்ரியோடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

புளிக்கவைத்ததால் குளுட்டன் ஒவ்வாதவர்கள் சாப்பிடலாமா?

கூடாது. நொதித்தலால் குளுட்டன் ஓரளவு சிதைந்தாலும், கோதுமையில் செய்த பான்கேக் குளுட்டன் அற்றதாகிவிடாது. குளுட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இதைப் பரிமாறவே கூடாது.

சுட்டது மிஞ்சினால் என்ன செய்வது?

ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டோடு அடுக்கினால் ஆவி உள்ளேயே தங்கி, பழம் இருக்கும் இடங்கள் முதலில் நைந்துபோகும். கம்பிச் சட்டத்தின் மேல் தனித்தனியாக ஆறவிட்டு, இடையே காகிதம் வைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். உறைபெட்டியில் இரண்டு மாதம்வரை சுவை கெடாது. மீண்டும் சூடாக்க டோஸ்டரோ ஓவனோ சிறந்தது. மைக்ரோவேவில் பழம் கொதித்து நாக்கைச் சுடும், மாவு தொய்ந்துவிடும்.

சோடா சேர்த்த பச்சை மாவு மிஞ்சினால் அதைப் பாதுகாத்துப் பயனில்லை. சிறு சிறு பான்கேக்குகளாகச் சுட்டு உறையவைத்துவிடுங்கள்.

மேலே எதை ஊற்றிப் பரிமாறுவது?

பான்கேக்குக்குள் பழம் இருக்கும்போது மேலே ஊற்றும் பாகு எளிமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேப்பிள் சிரப்போ தேனோ ஒரு தேக்கரண்டி போதும். வீட்டில் பழம் அதிகமாக இருந்தால், 200 கிராம் பழத்தோடு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி நீரும் சேர்த்து, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம், பழம் பாதி கரைந்து பாதி முழுதாக நிற்கும்வரை கொதிக்கவிடுங்கள். இளம் ஸ்டார்ட்டரில் செய்த, புளிப்புக் குறைந்த பான்கேக்குக்கு இதில் சில துளி எலுமிச்சைச் சாறு விடலாம். முதிர்ந்த ஸ்டார்ட்டரில் செய்ததற்கு எலுமிச்சை வேண்டியதில்லை; ஒரு சிட்டிகை உப்பும் சிறு துண்டு வெண்ணெயும் சேர்த்து இறக்கி, பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள்.